லியோகாடியாவின் குழாய்

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், காலை பதினொரு மணிக்கு க்ராகோவ் நகரத்திலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். முந்தைய நாள் எல்லோரும், எனக்கு முன் அங்கே ஆய்வு செய்த லியோகாடியாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோயிருந்தார்கள். நான் போகவில்லை. அவர் இறந்து ஏழு மாதமாக அவருடைய மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறேனே, அது போதாதா என்று எனக்கு எரிச்சல்.

எங்கள் வேலை எலியின் கருமுட்டை. கரு உண்டாவதற்கு முன்பே, அதன் முதல் சில நாட்களுக்கு வேண்டிய புரதங்களைத் தாய் முட்டைக்குள் சேர்த்து வைத்துவிடுகிறாள், வழிப்பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது போல. அதில் ஒரு புரதம் இல்லையென்றால் மற்றவையும் உள்ளே தங்காது. கரு இரண்டு செல்லாகப் பிரியும், அப்படியே நின்று செத்துவிடும். அந்தப் புரதம் இல்லாத எலிகளைத்தான் வளர்க்கிறோம்.

என் முட்டைகளிலும் அது இல்லை. நான்கு முறை மருத்துவமனையில் முயன்றோம், நான்கு முறையும் இரண்டு செல்லோடு சரி. எனக்குக் குழந்தை வேண்டும், வேறெதுவும் வேண்டாம். லியோகாடியாவுக்கும் இதே குறைதான். இருபது வருடம் இதே மேஜையில் தேடிவிட்டு, வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தார்.

முட்டையையும் கருவையும் எடுப்பது முடி போன்ற கண்ணாடிக் குழாயால். அதோடு ரப்பர் குழாய் ஒன்று இணைந்திருக்கும். அதன் மறுநுனி எங்கள் வாயில். மூச்சால் உறிஞ்சி, மூச்சால் விட வேண்டும். பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி ஆளுக்கு ஒன்று, அடுத்தவருடையதைத் தொடமாட்டோம்.

கருக்களைத் தட்டுக்கு மாற்றும் இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அவசரத்தில், ஆணியில் தொங்கிய குழாயை எடுத்து வாயில் வைத்தேன்.

சோம்பு மிட்டாய் வாசனை.

ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

உறிஞ்சினேன். மறுமுனையிலும் யாரோ உறிஞ்சினார்கள்.

நிறுத்தினேன். அங்கேயும் நின்றது.

பிறகு ஒரு மூச்சு, மெல்ல, என் வாய்க்குள் வந்தது. விழுங்கிவிட்டேன்.

எப்படியோ கருக்களைத் தட்டில் விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

"என்ன டாக்டர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கெர்வாஸி சிரித்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. குழாயில் ஒட்டியிருந்த நாடாவில் லியோகாடியாவின் பெயர்.

"இது எங்க கெடச்சுது?"

"ஆணியிலதான் தொங்குச்சு."

"விளையாடாதீங்க. இதை நான்தான அவங்க சவப்பெட்டிக்குள்ள வச்சேன்." குரல் தாழ்ந்தது. "என் கையால, அவங்க கைக்குள்ள."

நின்றுபோக வேண்டிய இருபத்திரண்டு கருக்களும் நிற்கவில்லை. நான்கு செல்லானது. எட்டானது. எலிகளைத் திரும்பப் பரிசோதித்தேன். அந்தப் புரதம் இல்லவே இல்லை.

குழாயை எரித்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரிக்கவில்லை. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அதை வாயில் வைத்துக் காத்திருந்தேன். தினமும் அந்த மூச்சு வந்தது.

ஜனவரியில், மருத்துவமனைப் பக்கமே போகாமல், கர்ப்பமானேன். அது தெரிந்த அன்றைக்கு ஆணி காலியாக இருந்தது.

கெர்வாஸியிடம் மட்டும் சொன்னேன். அவர் வாழ்த்தவில்லை.

"இவ்வளவு ஊட்டி விட்டவங்க சும்மா போயிடுவாங்களா, டாக்டர்?" என்று முணுமுணுத்துவிட்டுக் கூண்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபரில் மகள் பிறந்தாள். துடைத்து என் மார்பில் கிடத்தினார்கள். அவள் அழவில்லை. உதடுகளைக் குவித்தாள். கொஞ்சம் உறிஞ்சல். ஒரு நிறுத்தம். பிறகு மெல்ல ஓர் ஊதல்.

எடைபோட வேண்டும், கொடுங்கள் என்று செவிலி கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"மிட்டாய் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றாள் செவிலி, குழந்தையின் வாயருகே குனிந்து. "சோம்பு வாசனை அடிக்குதே."