மூன்றாவது வேண்டாம்

தெருவில் எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன, ஒன்றைத் தவிர. நல்ல மத்தியானம். கசாப்புக் கடை, மருந்துக் கடை, ரொட்டிக் கடை எல்லாவற்றிலும் சன்னல் திரைகளை இறக்கிவிட்டிருந்தார்கள். சவ ஊர்வலம் போகும்போது கடைக்காரர்கள் திரையை இறக்குவது டெர்வ்லாவின் ஊரிலும் உண்டுதான். ஆனால் இங்கே ஊர்வலத்தையும் காணோம், மனிதரையும் காணோம். கடற்காகங்கள்கூடக் கத்தவில்லை.

கல்யாணமான கையோடு அவளும் ஃபின்டனும் மேற்குக் கரையோரமாகச் சைக்கிளில் கிளம்பியிருந்தார்கள். கில்வோரன் துறைமுகத்தில் இன்றைக்கு ஓய்வு. ஃபின்டன் கீழே படகுத்துறையில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு? ஓய்வுன்னா காலை நீட்டணும்டி," என்று அவன் கேலி செய்ததற்கு நாக்கைத் துருத்திவிட்டு, ஊர் பார்க்க மேட்டில் ஏறி வந்தவள் அவள். பாதித் தெருவில் மழை பிடித்துக்கொண்டது.

திறந்திருந்த வாசலில் கறுப்பு உடுப்போடு ஒரு வயதான பெண் நின்றாள்.

"உள்ள வா கண்ணு. இப்படி நனையுறியே."

"இல்லம்மா, பரவால்ல. வீட்டுக்காரர் கீழ காத்திருக்கார்."

"அட, வா. ஒரு வாய் டீ."

"ஐயோ, வேண்டாம்மா."

"நீ குடிப்பே. வா."

அயர்லாந்தில் கேட்டவுடன் வாங்கிக்கொண்டால் காணாததைக் கண்டவள் என்பார்கள். முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை ஐயோ வேண்டாம், மூன்றாம் தடவை சரி, அரைக் கோப்பை. பால்குடி மறந்த நாளிலிருந்து பழகிய உபசாரம் அது. டெர்வ்லாவின் வாய் தானாகச் சரி என்றது. காலும் தானாக உள்ளே போனது.

முன்னறையில் நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். மெழுகுவர்த்திகள் எரிந்தன. இரண்டு நாற்காலிகள் மேல் சவப்பெட்டி, மூடி இல்லாமல். அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு நீலக் கம்பளிச் சட்டை மட்டும் விரித்துக் கிடந்தது. ஆள் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் டோனல்," என்றாள் அந்தப் பெண். நோரீன் என்று பெயர் சொன்னாள். "மீன் பிடிக்கப் போனவர் வரல. கடல் குடுக்க மாட்டேங்குது. குழி வேற தோண்டியாச்சு. தோண்டின குழியை வெறுமனே மூடினா அது சும்மா இருக்காதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தப்படுறேம்மா."

"நல்ல பொண்ணு. செத்த நேரம் உக்காரு. பெட்டியைத் தனியா விடக் கூடாது பாரு. நான் போய்ப் பால் வாங்கிட்டு வந்துடறேன்."

"இல்லம்மா, நான் போகணும்."

"உக்காருவே."

"அம்மா, நெசமாவே முடியாது."

"உக்காருவே, உக்காருவே," என்று சிரித்தபடி நோரீன் அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினாள். நெசமாகவே வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் என்ன வார்த்தை இருக்கிறது? கணவனை இழந்தவளின் முகத்துக்கு நேரே கையை உதறிவிட்டு எழுந்து போக டெர்வ்லாவால் முடியவில்லை.

வாசற்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

உருகும் மெழுகின் வாடை, ஈரக் கம்பளியின் வாடை, அதற்கும் அடியில் எங்கிருந்தோ மெல்ல ஏறி வந்த உப்பும் பாசியும் கலந்த வாடை எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறையில் கனத்துக் கிடக்க, கூரையில் பெய்யும் மழையின் சத்தம் சிறிது சிறிதாக மாறி, படகின் அடிப்பலகையில் தண்ணீர் வந்து மோதித் திரும்புவது போலக் கேட்கத் தொடங்கியது. சன்னல் திரையின் இடுக்கில் படகுத்துறை தெரிந்தது. ஃபின்டன் எழுந்து நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட வேண்டும் என்று தவித்தாள். எழப் பார்த்தாள். கால் வரவில்லை. சைக்கிள் மிதித்து மிதித்து மரத்துப்போன கால், அவ்வளவுதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஊர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வந்து அவள் கையைக் குலுக்கினார்கள்.

"உங்க துக்கத்துக்கு வருத்தம்மா."

"நான் சொந்தம் இல்லீங்க. வழியோட போறவ."

"ஆமாம்மா, ஆமா," என்று தலையாட்டி நகர்ந்தார்கள். எல்லாக் கைகளும் ஈரமாக இருந்தன.

அடுத்து வந்த கிழவி கையைக் குலுக்கவில்லை. டெர்வ்லாவின் கைமேல் கையை வைத்து, மெதுவாகத் தடவி, செபம் முணுமுணுத்தாள். அதற்கடுத்தவன் அவள் நெற்றியைத் தொட்டான்.

கழுத்தில் என்னவோ குத்தியது. அந்த நீலக் கம்பளி.

மெழுகுவர்த்தி இடது பக்கம் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும். நேர் எதிரே சுவர் இருக்க வேண்டும். சுவர் இல்லை. உத்தரம். கூரை.

கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"டோனலுக்கு முகம் மாறவே இல்லடி நோரீன்."

"ஒருவழியா வந்துட்டார், பாரேன்."

அப்புறம் வாசலில் அந்தக் குரல். "மன்னிச்சுக்கங்கம்மா. என் பொண்டாட்டி இந்தப் பக்கம் வந்தாளா?"

ஃபின்டன்! கடவுளே, ஃபின்டன். உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. சாவு வீட்டில் காலை வைத்தவன் சவத்தைப் பார்க்காமல் போக மாட்டான். வந்தான். மேலே குனிந்தான். மழைத்துளி அவன் மூக்கிலிருந்து அவள் கன்னத்தில் விழுந்தது. பார்டா. நான்தான். பார்.

சிலுவைக்குறி போட்டான். "பெரியவர் முகத்துல என்ன ஒரு அமைதி."

"ஒரு பொண்ணு வந்துச்சு தம்பி. செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடுச்சு," என்றாள் நோரீன். "பெட்டி தூக்க ஒரு தோள் குறையுது. நீ குடேன்."

"இல்லம்மா, நான் அவளைத் தேடணும்."

"கல்லறை பக்கந்தான்."

"ஐயோ, இல்லம்மா."

"குடுப்பே, தம்பி."

குடுக்காதே. குடுக்காதே. ஃபின்டன், சொல்லு. இன்னொரு தடவை சொல்லு.

"சரிம்மா," என்றான்.

மூடி வந்தது. திருகாணிகள். ஒவ்வொன்றாக.

இருட்டு எழுந்தது, ஆடியது, மேடேறியது. வலது காதுக்கு அடியில், பலகைக்கு அந்தப் புறம், அவன் மூச்சு. இத்தனை நாளும் ஏற்றங்களில் அவளுக்குப் பின்னால் கேட்ட அதே மூச்சு. ஒரு விரற்கடை மரம்தான் நடுவில்.

"அவ எங்க போனான்னே தெரியல," என்று பக்கத்துத் தோளிடம் சொல்லிக்கொண்டிருந்தான் ஃபின்டன். "சொல்லாம எங்கயும் போக மாட்டா." பாரம் சரியாக உட்காரத் தோளை ஒரு தடவை உயர்த்திக் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு கால் சேர்த்து, அவளைச் சுமந்துகொண்டு குழியை நோக்கி நடந்தான்.