வலதுபக்கத்துச் சின்னப் படம்

அறுபது படங்களைத்தான் தயாளன் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். மதியம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புமுன் இரண்டு முறை எண்ணியும் பார்த்திருந்தான். இப்போது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தால், திரையின் கீழ் ஓரத்தில் அறுபத்தொன்று என்று இருந்தது.

எதையும் இரண்டு முறை பார்க்கிற ஆள் அவன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவான். அங்கிருந்து திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பான். மனைவி ஹெப்சி மஸ்கட்டில் நர்ஸ். வருஷத்துக்கு ஒரு மாதம்தான் வருவாள். ஏழு வயசுப் பிள்ளை பிளஸ்ஸியை ஒற்றை ஆளாக வளர்க்கிறவனுக்குச் சந்தேகம் வராமல் வேறு என்ன வரும், சொல்லுங்கள். வேன் டிரைவரின் பார்வை சரியில்லை என்று சொல்லி, இரண்டு வருஷமாகப் பிள்ளையைத் தானே பைக்கில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு வருகிறான். அவளைக் கண்பார்வையில் வைத்துக்கொள்வது ஒன்றுதான் அவனுக்கு வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்றைக்கு அக்கா சுஜிக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, முதல் மாடி வீடு. சாயங்காலம் ஆறரை மணி. சமையலறையிலிருந்து மட்டன் குழம்பு வாசனையும், வெட்டிய கேக்கின் இனிப்பு வாசனையும், கொசுவர்த்திப் புகையும் ஒன்றாகக் கலந்து கூடத்தில் மிதந்துகொண்டிருந்தன. சுவரில் டிவி. அதற்கு எதிரே சோபாவில் சுஜியும் அவள் புருஷன் ஜெஃப்ரியும். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெஃப்ரியின் அண்ணன் லாசரஸ். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தரையில் காலை நீட்டிக்கொண்டு பிளஸ்ஸி. எல்லோருக்கும் பின்னால், சாப்பாட்டு மேசையில் தயாளன். அங்கிருந்து டிவி வரைக்கும் சுவரோரமாக நீளக் கேபிள் ஒன்றை இழுத்து விட்டிருந்தான்.

"இன்னும் சிக்னல் இல்லன்னுதான் காட்டுது, மாப்ள" என்றார் ஜெஃப்ரி. "ஊர்ல எல்லாரும் கம்ப்யூட்டர் வெச்சிருக்கான். நீ பென்குவின் வெச்சிருக்க."

"எங்க ஸ்கூல் லேப்ல இந்தப் பென்குவின் போட்ட லினக்ஸ்தான் அத்தான் சொல்லித் தரோம். காசு கிடையாது. வைரஸ் வராது."

"படமும் வராது" என்றார் லாசரஸ்.

சுஜி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தயாளனுக்கும் சிரிப்பு வந்தது. டிவியில் கேபிளை முதல் ஓட்டையிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் செருகினான். ரிமோட்டில் மாற்றினான். லேப்டாப்பில் செட்டிங்ஸைத் திறந்தால் திரைகளின் பட்டியலில் டிவி இருந்தது, ஆனால் கறுப்பாகவே கிடந்தது. படத்தின் அளவை ஒரு படி குறைத்தான். டிவி இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு வெளிச்சமானது. அதிலும் ஒரு கோளாறு. டிவிக்குப் போகவேண்டியது லேப்டாப்பிலும், லேப்டாப்பில் இருக்கவேண்டியது டிவியிலும் மாறி நின்றன. ஒரு பட்டனை அழுத்தி இரண்டையும் இடம் மாற்றினான். சரியாகிவிட்டது.

இப்போது டிவியில் கல்யாணப் படம் மட்டும் முழுசாக நின்றது. லேப்டாப்பில், காட்டுகிறவனுக்கென்று இருக்கிற பக்கம்: இடதுபக்கம் இப்போது ஓடுகிற படம் பெரிதாக, வலதுபக்கம் அடுத்து வரப்போகிற படம் சின்னதாக. அந்த வலதுபக்கத்தைத் தயாளன் ஒருவன்தான் பார்க்க முடியும்.

படங்கள் ஓடின. ஆலய வாசல், மாலை, மேற்குத் தாம்பரத்து மண்டபம், ஜெஃப்ரியின் அடர்ந்த தலைமுடி. "அது விக்கா மாமா?" என்று பிளஸ்ஸி கேட்டாள். "அது சொந்த முடி. இப்ப இருக்கறதுதான் விக்கு, மொட்டை விக்கு" என்றார் ஜெஃப்ரி. பதின்மூன்றாவது படம் கொடைக்கானல். பதினாலாவதாகப் புதுமனை புகுவிழாப் படம் வரவேண்டும். தயாளன் வலதுபக்கம் பார்த்தான்.

சின்னப் படம் கொஞ்சம் இருட்டாக இருந்தது. ஒரு கூடம். ஒரு சோபா. சோபாவில் ஒரு நீலப் பட்டுப்புடவை.

இந்தக் கூடம். இந்தச் சோபா. சுஜி அரைமணி நேரத்துக்கு முன் உடுத்திக்கொண்டு வந்த புடவை. பிளஸ்ஸி இப்போதுதான், இரண்டு படத்துக்கு முன்னால்தான், ஒரு காலின் சாக்ஸைக் கழற்றி எறிந்திருந்தாள். படத்தில் அந்தச் சாக்ஸ் டீப்பாய்க்கு அடியில் கிடந்தது. எல்லோருக்கும் பின்னால், மேசையில், லேப்டாப் வெளிச்சம் முகத்தில் விழக் குனிந்திருந்தான் தயாளன். லாசரஸின் நாற்காலி மட்டும் காலி.

நிமிர்ந்து பார்த்தான். லாசரஸ் நாற்காலியில்தான் இருந்தார். கேக் தின்றுகொண்டிருந்தார்.

ஜெஃப்ரி மேல்தான் முதல் சந்தேகம் போயிற்று. போன கிறிஸ்துமஸுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஐசிங் தடவிக் கேக் என்று நீட்டிய மனிதர் அவர். ஆனால் இந்தப் படத்தை எடுத்த கண் டிவி இருக்கிற சுவரில் அல்லவா இருக்கவேண்டும்? எழுந்து போய் டிவியின் விளிம்பைச் சுற்றிலும் விரலால் தடவினான். கேமரா எதுவும் இல்லை. லேசான சூடு மட்டும்.

"என்ன மாப்ள, டிவிக்குக் காய்ச்சலா?"

"தூசி அத்தான்."

திரும்பி வந்து அடுத்ததை அழுத்தினான். டிவியில் புதுமனைப் படம்தான் வந்தது. கூடத்துப் படம் வரவே இல்லை. அவன் மூச்சு விடுமுன் கீழே தெருவில் ஹாரன் சத்தம். நீளமாக, ஒரே சீராக.

"என் ஸ்கூட்டர்தான் மறிக்குது போல" என்று தட்டை வைத்துவிட்டு லாசரஸ் எழுந்தார். "வந்துடறேன், நிறுத்தாதீங்க." வெளிப்படியில் இறங்கிப் போனார்.

நாற்காலி காலி.

அதன்பிறகு வலதுபக்கம் எல்லாம் ஒழுங்காகவே வந்தது. பிறந்தநாள், மகாபலிபுரம், வேலை மாற்றலான விருந்து. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கதைக்கும் ஒரு சண்டை. "அந்தச் சட்டைய நான் வாங்கல." "நீங்கதான் வாங்கினீங்க, பில்லு கூட இருக்கு." தயாளன் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் போகிறது கேட்டது. தூரத்தில் மின்சார ரயில் கேட்டது. வாசலுக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை. ஹாரன் எப்போது நின்றது என்றும் அவனுக்கு நினைவில்லை.

இருபத்துநாலாவது படத்தில் மறுபடியும் வலதுபக்கம் இருட்டிற்று. கூடம். நாற்காலி காலி. தரையில் பிளஸ்ஸி. சோபாவில் சுஜி மட்டும்.

"அத்தான், என் லேப்டாப்ல ஏதாச்சும் கை வெச்சீங்களா?"

"நான் ஏன் கை வெக்கிறேன்? அத ஆன் பண்றதுக்கே நீ ஜெபம் பண்ணிட்டுத்தான் பண்ற."

"உண்மையச் சொல்லுங்க. லாசரஸ் அண்ணனும் கூட்டா?"

"உனக்கு என்னடா ஆச்சு?" என்று சுஜி திரும்பினாள். "எதுக்கெடுத்தாலும் சந்தேகம். அடுத்தத போடு."

அவன் போடவில்லை. கேபிளை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினான். டிவி நீலமாகி, சிக்னல் இல்லை என்றது. கேபிளின் நுனி அவன் உள்ளங்கையில் இருந்தது. செட்டிங்ஸைத் திறந்தான். பட்டியலில் இரண்டு திரைகள். ஒன்று லேப்டாப். இன்னொன்றும் இணைந்தே இருந்தது.

பழைய இணைப்பு லேப்டாப்பின் நினைவில் நிற்கிறது, அவ்வளவுதான் என்று தனக்கே பாடம் சொல்லிக்கொண்டு கேபிளை மறுபடியும் செருகினான். டிவி உயிர்பெற்றபோது இருபத்தைந்தாவது படம் நின்றுகொண்டிருந்தது. அவன் அழுத்தவில்லை.

ஜெஃப்ரி எழுந்தார். "அண்ணன் போயி எவ்ளோ நேரம் ஆச்சு. கேட்ல நின்னு எவன்கிட்டயாவது வம்பளக்கிறாரு. கூட்டிட்டு வந்துடறேன்."

"போகாதீங்க அத்தான்."

"ஏன்?"

வாயில் வந்ததைச் சொன்னான். "படியில லைட் இல்ல."

"பதினாறு படி. கண்ண மூடிக்கிட்டே இறங்குவேன்."

தயாளன் எண்ணினான். செருப்புச் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வரை கேட்டது. பத்தாவது கேட்கவில்லை.

பால்கனிக் கம்பி வழியே எட்டிப் பார்த்தான். தெருவிளக்கு எரிந்தது. கேட் சாத்தியிருந்தது. லாசரஸின் ஸ்கூட்டர் மதிலோரம் ஒதுங்கி, யாருக்கும் மறிக்காமல் நின்றது. தெருவில் ஒரு வண்டியும் இல்லை. ஒரு ஆளும் இல்லை. சுஜி ஜெஃப்ரிக்குப் போன் போட்டாள். எங்கேயோ மணியடித்தது. கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. சுவருக்குள்ளிருந்து வருகிற மாதிரி.

"எடுக்க மாட்டேங்கறார்" என்று சுஜி போனை மடியில் போட்டாள். "ரெண்டு பேரும் சேர்ந்துட்டா இப்படித்தான்."

தயாளன் மேசைக்குத் திரும்பினான். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தான்.

வலதுபக்கம். கூடம். சோபாவில் சுஜி. தரையில் ஒற்றைச் சாக்ஸ்.

பிளஸ்ஸி இல்லை.

"பிளஸ்ஸி. இங்க வா."

"படம் பாக்கறேன்ப்பா."

"அப்பாகிட்ட வா."

அவன் குரலில் என்ன இருந்ததோ, எழுந்து வந்துவிட்டாள். இடுப்போடு சேர்த்து இடதுகையால் வளைத்துக்கொண்டான். சூடான சின்ன உடம்பு. தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. விரல்களில் கேக் பிசுக்கு. இருக்கிறாள். என் கைக்குள்தான் இருக்கிறாள். யார் வந்து எடுப்பார்கள்?

சின்னப் படம் மாறியிருந்தது. அதில் அவனும் இப்போது இடதுகையை வளைத்துக்கொண்டிருந்தான். வளைவுக்குள் யாரும் இல்லை.

அவனைக் குறை சொல்லாதீர்கள். அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தாலும், நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். முன்னால் போகப் போகத்தானே ஆட்கள் குறைகிறார்கள்? பின்னால் போனால்? வலதுகையால் பின்னோக்கும் பட்டனை அழுத்தினான். இருபத்துநாலு.

வெளிப்படியில் ஒரு காலடி.

இருபத்துமூன்று. இன்னொரு காலடி.

"ஏன்டா பின்னாடி போற?" என்றாள் சுஜி.

அவன் நிறுத்தவில்லை. அழுத்தினான். காலடி. அழுத்தினான். காலடி. இரண்டு பேர் நடக்கிற கனம். விழுந்தது ஒரே காலடியாக. பதினைந்து. பதினாலு. பதின்மூன்று. கொடைக்கானல்.

கதவு திறந்தது.

ஜெஃப்ரி வந்தார். பின்னாலேயே லாசரஸ் வந்தார். தயாளன் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். கர்த்தரே, வந்துவிட்டார்கள்.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்?" என்றாள் சுஜி.

"கீழதான்" என்றார் ஜெஃப்ரி.

"கீழதான்" என்றார் லாசரஸ்.

அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். காலில் செருப்பு இல்லை. வாசலில் கழற்றிய சத்தமும் இல்லை. வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் பாசி வாசனை மட்டன் குழம்பை மூழ்கடித்துக்கொண்டு கூடத்தில் பரவிற்று. சுஜிக்கு அது தெரியவில்லை போல. புருஷன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அவன் கை தளர்ந்திருந்த அந்த ஒரு நொடியில் பிளஸ்ஸி நழுவினாள். வழக்கம்போல ஓடிப்போய் மாமாவின் மடியில் ஏறினாள். ஜெஃப்ரி அவளை அணைத்துக்கொண்டு தலையைத் தடவ ஆரம்பித்தார். மெதுவாக. மேலிருந்து கீழே.

தயாளன் லேப்டாப்பைப் பார்த்தான்.

வலதுபக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சுஜி, பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் ஆள் இல்லை. பிளஸ்ஸி.

பிளஸ்ஸி இருந்தாள்.

"பிளஸ்ஸி" என்றான்.

"அடுத்தத போடு, மாப்ள."

இரண்டு வாய்கள் திறந்தன. வந்தது ஒரு குரல். இரண்டு முகங்களும் சோபாவுக்கும் நாற்காலிக்கும் பின்னால், அவனை நோக்கித் திரும்பியிருந்தன. தோள்கள் டிவியைப் பார்த்தபடியே இருந்தன.

சின்னப் படத்தில் பிளஸ்ஸி சோபாவுக்கு ஒரு முழம் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்து, ஒன்றுமில்லாததன் மேல் சாய்ந்து, காலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே சோபா மெத்தை அமுங்கவே இல்லை. அவள் தலைமுடி மட்டும் ஐந்து விரல் கோடுகளாக, மேலிருந்து கீழே, படிந்து படிந்து இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி வரை. கண் வரை. கழுத்து வரை.