கயிறு இரண்டு முறை இழுபட்டால்

ஆற்றங்கரைப் பூங்காவில் காவல் வேலைக்கு அவள் வந்து சேர்ந்த அன்று, படித்துறை முழுக்க எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"பாத்து வாம்மா, வழுக்கிடப் போகுது" என்று ஐஸ்கிரீம் வண்டிக்காரம்மா குரல் கொடுத்தாள். "இந்தப் பசங்க வேலைதான். எண்ணெய ஊத்திட்டு, விழுறவங்கள போன்ல படம் பிடிப்பானுங்க."

ஊரே காற்று வாங்க வரும் கரை அது. ஆனால் வெயில் தாழ்ந்தால் போதும், பைக் கூட்டம் வந்து இறங்கிவிடும். உடைந்த பாட்டில்கள், கருகிய பெஞ்சு, பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு ஓடும் தாய்மார்கள். ஆற்றில் விழுந்தவர்களைக் காப்பாற்றக் கம்பங்களில் தொங்கிய, கயிறு கட்டிய மிதவை வளையங்களைக்கூடக் கொளுத்திக் குளிர்காய்ந்திருந்தார்கள், உருப்படாத பயல்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

அந்தக் கூட்டத்தில் அவள் தம்பியும் நின்றுகொண்டிருந்தான். அப்பா போனபிறகு அவள் சம்பளத்தில் படித்துக்கொண்டிருப்பவன். அக்காவைக் கண்டதும் ஒருவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான்.

"முன்னாடி இருந்த காவலாளிக்கு என்ன ஆச்சு?" என்று வண்டிக்காரம்மாவைக் கேட்டாள்.

"இவனுங்க பண்ண கூத்துதான். ஒருத்தன் புதர்ல ஒளிஞ்சுகிட்டு 'காப்பாத்துங்க'ன்னு கத்தினான். மிதவையையும் ஒளிச்சு வச்சுட்டானுங்க. யாரோ முழுகுறாங்கன்னு நம்பி அந்தப் பெரியவர் குதிச்சுட்டாரு. இவனுங்க கைகொட்டிச் சிரிச்சானுங்க. அவரு மேல வரவே இல்ல. உடம்பும் கிடைக்கல."

"கத்தினது யாரு?"

"முகம் தெரியல. குரல் மட்டும் காதுலயே நிக்குது." வண்டிக்காரம்மா பெருமூச்சு விட்டாள். "பாவம், கடுகடுன்னே இருப்பாரு. அவரு சிரிச்சு ஒருநாள்கூட நான் பாத்ததில்ல."

அந்த வேலையின் விதி சுருக்கமானது. குரல் கேட்டால் யார், எவர் என்று பார்க்காமல் மிதவையை வீச வேண்டும். பிடித்துக்கொண்டவர் கயிற்றை இரண்டு முறை சுண்டி இழுப்பார். அதன்பிறகுதான் கரையில் இருப்பவர் இழுக்க வேண்டும். படித்துறைப் பலகையிலேயே கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

விளக்குகள் எரியத் தொடங்கின. ஆற்றின் மேல் புகைபோல மூடுபனி இறங்கியது. அழுகிய பாசியின் வாடை எழுந்தது.

"காப்பாத்துங்க!"

நடு ஆற்றிலிருந்து வந்தது அந்தக் குரல்.

அது அவள் தம்பியின் குரல்.

பதறிப்போய்த் திரும்பினாள். தம்பி படியில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அவன் வாய் மூடியிருந்தது.

கை தானாக மிதவையை எடுத்து வீசியது. பனிக்குள் போய் விழுந்த சத்தம் கேட்டது. கயிறு இரண்டு முறை சுண்டி இழுபட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மிதவை வெறுமையாக வந்து சேர்ந்தது, வளையத்தைச் சுற்றிலும் சேறு படிந்த விரல் தடங்களோடு.

வண்டிக்காரம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "இதே குரல்தான்மா" என்று கிசுகிசுத்தாள். "அன்னைக்குக் கத்தின குரல்."

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீயாடா? நீயாடா கத்தின?"

அவன் வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை.

அதன்பிறகு அவன் பேசவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்தார். அம்மா அழுது அழுது ஓய்ந்தாள். அவனோ வீட்டு மூலையில் சுருண்டு கிடந்தான். அவனை அறையவும் முடியாமல், அணைக்கவும் முடியாமல் அவள் தவித்தாள்.

குரல் மட்டும் அந்திதோறும் ஆற்றில் கேட்டது. அவளும் மிதவையை வீசினாள். ஒவ்வொரு முறையும் கயிறு இழுபட்டது, ஒவ்வொரு முறையும் மிதவை வெறுமையாகவே வந்தது. பைக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். "அக்கா பேய்க்குத் தூண்டில் போடுதுடா!" என்று விசிலடித்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி, மேலதிகாரி வரைக்கும் போனது. "வெறும் கயிறு இழுக்கவா உனக்குச் சம்பளம்? இனிமே வீசினா வேலைக்கு வராதே" என்று அவர் சீறினார்.

மறுநாள் அந்தி. படித்துறையை மூடிக்கொண்டு பனி இறங்கியது.

"காப்பாத்துங்க!"

அவள் அசையவில்லை. காவல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்கமாக ஒரு முறைதான் கேட்கும்.

"அக்கா!"

சனியன் இதையும் கற்றுக்கொண்டுவிட்டதா?

"அக்கா! அக்கா!"

காதைப் பொத்திக்கொண்டாள். வெளியே கூட்டம் ஆரவாரித்தது. "பேய் இன்னைக்கு செம நடிப்புடா!"

பிறகு குரல் நின்றது.

போன் அடித்தது. அம்மா. சந்தோஷத்தில் மூச்சு வாங்கினாள்.

"அடியே, தம்பி பேசிட்டான்டி! 'அம்மா'ன்னு கூப்பிட்டான்! உன்கிட்ட பேசிக் காட்டணும்னு அங்கதான் ஓடி வந்தான். பாத்தியா?"

அவள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். படித்துறை எண்ணெயில் பளபளத்தது. மேல்படியில் தம்பியின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதிலிருந்து நீர் விளிம்பு வரை ஒரே வழுக்கல் தடம்.

மிதவையை வீசினாள். "பிடிச்சுக்கடா! அக்கா வந்துட்டேன், பிடிச்சுக்கடா கண்ணு!"

கயிறு அசையவில்லை.

பைக் கூட்டம் செருப்பைப் பார்த்தது. ஒவ்வொரு போனாகக் கீழே தாழ்ந்தது.

கயிறு இழுபட்டது. ஒரு முறை. இன்னொரு முறை.

அவள் இழுத்தாள். உள்ளங்கை கிழிய இழுத்தாள்.

மிதவை வெறுமையாக வந்து படியில் முட்டியது.

அப்போதுதான் நடு ஆற்றிலிருந்து சிரிப்பு கேட்டது. பையன்களின் சிரிப்பல்ல. வயதான ஆணின் கட்டைக் குரல், கைகொட்டிக் கைகொட்டிச் சிரித்தது.

வண்டிக்காரம்மா அவள் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"ஐயோ, அந்தக் காவலாளி குரல்மா" என்றாள். "அவருக்குச் சிரிக்கத் தெரியுமா?"