மேட்டிலிருந்து திரும்பிய நாற்காலி

ஈக்களைக் காணவில்லை என்பதைத்தான் எர்மிலோ முதலில் கவனித்தான்.

வண்டிப்பாதை முடிந்த இடத்தில் சக்கர நாற்காலியை மரத்தடியில் விட்டுவிட்டு, அடிக்கால்களை அறுத்துக் குட்டையாக்கிய மர நாற்காலியில் பெரியப்பாவை உட்கார வைத்துக் கட்டி, அதன் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தூக்கிய நிமிடத்திலிருந்து அவை கூடவே வந்துகொண்டிருந்தன. நசாரியோ பெரியப்பாவின் வலது பாதத்தில் சர்க்கரை வியாதி விரல்களைத் தின்று மிச்சம் வைத்திருந்த புண்ணுக்காக வந்த ஈக்கள் அவை. கட்டுத்துணி மஞ்சளாக ஊறி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. காட்டுப்பாதை முழுவதும் காதைத் துளைத்த அந்த ரீங்காரம், இடிந்த கல்மேட்டின் முதல் படியை மிதித்ததும் பட்டென்று நின்றது. எர்மிலோ நின்று பார்த்தான். கீழே, வந்த வழியில், ஈக்கள் கூட்டமாகத் தயங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயின.

"என்னடா நின்னுட்ட? கெழவன் கனக்குறேனா?" என்றார் முதுகிலிருந்த பெரியப்பா.

"கனமெல்லாம் ஒண்ணுமில்ல பெரியப்பா. நாத்தம்தான்."

"உன் பீய நான் அள்ளினப்ப சாம்பிராணியா மணந்துச்சுன்னு நெனப்பா உனக்கு?"

எர்மிலோ சிரித்து வைத்தான். அவர் சொன்னது நிஜம். அப்பா காட்டில் பாம்பு கடித்துச் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். இப்போது காலையில் புண்ணைக் கழுவுவதும், வேட்டிபோலச் சுற்றிய துணியை மாற்றுவதும், பல்லில்லாத வாயில் கஞ்சி ஊட்டி வழிந்ததை வழிப்பதும் அவன் வேலை. செய்யாமல் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் குமட்டிக்கொண்டு வரும், முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

விதைப்புக்கு முன், கல்மேட்டில் குடியிருக்கும் முன்னோர் ஆவிகளான மேட்டுக்காரர்களுக்குக் கஞ்சி வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அதை வருஷாவருஷம் செய்தவர் பெரியப்பா. இந்த வருஷம் எர்மிலோ போய் வைக்கிறேன் என்றதற்கு, "நான் உசுரோட இருக்கேன்ல" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். வாசலில் பெரியம்மா தொமாசா எர்மிலோவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கொண்டுபோற ஆள அப்படியே கொண்டாந்து சேத்துடு சாமி. அவர விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். சேர்த்துவிடுகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

உச்சியில் தரை சமமாக இருந்தது. ஒரு சுவர், அதில் மழை தின்ற கல்முகங்கள், நடுவே பழைய காலத்தார் தண்ணீர் சேர்க்க வெட்டிய குழி. வாய் குடத்துக்குப்போலக் குறுகல், ஓர் ஆள் நுழையுமளவு. உள்ளே வயிறு பெரிது. வெளியூர்க்காரர்கள் இங்கே தோண்டிய காலத்தில் வாலிபன் நசாரியோதான் கயிறு கட்டி அதற்குள் இறங்கி மண் அள்ளினார். எர்மிலோ நாற்காலியைக் குழியோரம் இறக்கி, குடுக்கைகளில் மக்காச்சோளக் கஞ்சியை ஊற்றி வைத்தான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு மேட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார். தன் அண்ணன் தம்பிகளிடம் பேசுவது போலத்தான் பேசினார். மகனுக்கு நல்ல மழை கொடுங்கள் என்றார். மகன் என்றது எர்மிலோவை.

அப்போதுதான் குழியிலிருந்து அது வந்தது. முதலில் ஈரச் சுண்ணாம்பு வாடை; பிறகு வௌவால் புழுக்கை; அதற்கும் அடியில், பல நாள் ஊறிப் புளித்து நூல்விட்ட சோளம், அழுகின இறைச்சி, யாரோ வாயைத் திறந்து முகத்துக்கு நேராக ஏப்பம் விட்டதுபோல வெதுவெதுப்பாக. எர்மிலோ மூக்கைப் பொத்திக்கொண்டான். பிரார்த்தனை முடிந்ததும் முடியாததுமாகக் குனிந்து வாரை மாட்டி நாற்காலியைத் தூக்கினான்.

"பேரச் சொல்லிக் கூப்புடுடா. சத்தமா."

கைக்குழந்தை, நோயாளி, நடக்க முடியாதவர், யாரை மேட்டுக்குக் கொண்டுவந்தாலும் இறங்கும் முன் சுமப்பவன் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர்கள் வருகிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு மட்டும்தான் இறங்கும். காலியான இடத்தில் வேறு ஏதாவது ஏறிக்கொள்ளும். ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அந்த நாற்றம் நாக்கில் படியும். எர்மிலோ பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டான். கீழே போய்க் கூப்பிட்டால் போச்சு என்று நினைத்தான்.

"கூப்புடலியேடா," என்றார் பெரியப்பா, கெஞ்சுவதுபோல.

அவன் விடுவிடுவென்று படியிறங்கினான்.

கீழே வந்து நெஞ்சு நிறைய மூச்சு விட்டபோது காடு நல்ல வாசனையாக இருந்தது. வெயில் சாய்ந்து, இலைகளின் நிழல் பாதையில் நீண்டு கிடந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது: புண்ணின் நாற்றம் இல்லை. ஒரு வருஷமாக அவன் சட்டையிலும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் ஒட்டியிருந்த நாற்றம். ஈக்களும் திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக முதுகுப் பக்கத்திலிருந்து, லேசாக, ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது.

"பெரியப்பா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

நாற்காலி கனத்தது. வார் நெற்றியை அறுத்தது. எதுவோ பிசுபிசுவென்று அவன் பிடரியில் விழுந்து, சட்டைக்குள் புகுந்து, முதுகுத்தண்டு வழியாக மெதுவாக இறங்கியது. மூத்திரம் என்று முதலில் நினைத்தான். மூத்திரம் மேலிருந்து வராது. விரலால் தொட்டு முகர்ந்தான். புளித்த சோளம்.

பிறகு கழுத்தில் மூச்சு பட்டது.

நாலு எட்டு நடந்துவிட்டான், அதில் என்ன தப்பு என்று புரிவதற்குள். நாற்காலியில் பெரியப்பா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முதுகும் இவன் முதுகும்தான் ஒட்டியிருக்கின்றன. அவர் மூச்சு இவன் கழுத்தில் படாது. படவே முடியாது.

"நேரா... உக்காந்திருக்கீங்களா?"

"ம்."

காது மடலில். ஈரமாக.

திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டுக்கு ஓடிப்போய் இப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். அவனுக்கு அது தெரிந்தது. ஆனால் கால்கள் ஊர்ப்பக்கம்தான் ஓடின. பயத்தைவிட அருவருப்பு பெரிதாக இருந்தது. ஓடிக்கொண்டே கத்தினான்.

"நசாரியோ கனுல்..."

பேர் முடியுமுன்பே பதில் வந்தது. "வர்றேன்."

சக்கர நாற்காலியை எடுக்கவில்லை. அதைத் தாண்டி ஓடினான். வீட்டு வாசலில் மண்டியிட்டு விழுந்தான். பெரியம்மா வந்தாள். கயிறுகளை அவிழ்த்தாள். எர்மிலோ தரையைப் பார்த்தபடி அவள் கூச்சலுக்காகக் காத்திருந்தான்.

"அட," என்றாள் அவள். "மொகத்துல புது ரத்தம் ஊறியிருக்கே உங்களுக்கு."

நிமிர்ந்து பார்த்தான். பெரியப்பா. அதே முகம், நேராக, இருக்க வேண்டிய பக்கம். பெரியம்மா கட்டுத்துணியைப் பிரித்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். பாதத்தில் புண் இல்லை. விரல்கள் இருந்த இடம் மாவு மெழுகினதுபோல வழவழவென்று இருந்தது.

"பசிக்குது," என்றது அது.

"கேட்டியாடா? அவரா பசிக்குதுன்னு சொல்லி எத்தன மாசமாச்சு. நான் இன்னும் கொஞ்சம் காய்ச்சுறேன், நீ ஊட்டு. அந்தத் தாடையையும் துடைச்சு விடு."

கிண்ணத்தை அவன் கையில் திணித்துவிட்டு அவள் அடுப்புக்கு ஓடினாள். எர்மிலோ ஈரத்துணியால் தாடையைத் துடைத்தான். துணியோடு தோல் உரிந்து வந்தது. அதனடியில் ரத்தம் இல்லை. வெளுத்த, பொதபொதத்த மாவு. விரல் பட்ட இடம் குழிந்து, தானாகவே மெல்ல மேலெழும்பிச் சரியாகிக்கொண்டது.

கரண்டியை நீட்டினான். வாய் திறந்தது. பல்லில்லாத ஈறு முழுக்க ஊறி உப்பிய சோள முத்துகள் நெருக்கியடித்துப் பதிந்திருந்தன. சில முளை விட்டிருந்தன. நாக்கு வெளியே வந்து கரண்டியை நக்கியது. பிறகு அவன் விரல்களை, ஒவ்வொன்றாக, ருசித்து.

"குழிக்குள்ள ஒரு கெழவன் உன் பேரச் சொல்லி அழுதுக்கிட்டே இருக்கான்," என்றது அது, பெரியம்மாவுக்குக் கேட்காத குரலில். "உன் காதுல விழலியா?"

"நல்லாச் சாப்பிடுறாரா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் பெரியம்மா. "இனிமே அவருக்கு ஆயுசு கெட்டிடா. தெனமும் நீயே ஊட்டிவிடு, உன் கையாலதான் அவருக்கு எறங்குது."

அது மறுபடியும் வாயைத் திறந்து காத்திருந்தது.