தாடை வரை மணல்

மதியம் ஜாடிக்குள் அவள் நிரப்பியிருந்த மணல், சாயங்காலம் பார்த்தபோது ஒரு சாண் இறங்கியிருந்தது. வெளியே எங்கும் சிந்தவில்லை. ஜாடியில் கீறலும் இல்லை.

கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய குழியில் கிடைத்த, பல நூறு வருடப் பழைய மண்ஜாடி அது. உள்ளே, முழங்காலை மடக்கி உட்கார்ந்த வாக்கில் ஒரு குழந்தையின் எலும்புகள். தொல்லியல் அலுவலக வண்டி மறுநாள் காலையில் வந்து எடுத்துப்போகும் வரை அதைக் காப்பது அவள் வேலை. பக்கத்தில் ரோலர் ஓடினால் தரை அதிரும். ஜாடி நொறுங்காமலிருக்க, சலித்த மணலை விளிம்பு வரை நிரப்பித் துணியால் இறுகச் சுற்ற வேண்டும். எத்தனையோ ஜாடிகளுக்குச் செய்திருக்கிறாள். இதில் மட்டும், மணல் மண்டையோட்டின் தாடையைத் தொட்டதும் கை நின்றுவிட்டது. மூச்சு முட்டுமே என்று தோன்றிவிட்டது.

போன மாதம் மகளைப் புதைத்தபோதும் அப்படித்தான். முகத்தின் மேல் வேறு யாரோதான் மண் போட்டார்கள். முந்தின நாள்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகளின் இரண்டு விரலுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் போட்டுவிட்டு, மீதிக்கு நாளைக்கு என்று அவளிடம் சொல்லியிருந்தாள்.

“என்னக்கா, ஜாடிக்குத் தாலாட்டு பாடிட்டிருக்கீங்களா?” மேலேயிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். “ரோலரை எடுக்கச் சொல்லிட்டேன். நிரப்பியாச்சுல்ல?”

“இன்னும் கொஞ்சம்தான், அண்ணே. சித்த பொறுங்க.”

“மதியத்துலேருந்து இதையேதான் சொல்றீங்க. எனக்கு மேல இருக்கறவன் என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவான். சீக்கிரம்க்கா.”

அவர் தலை மறைந்தது. ஈரமண் வாடையும் டீசல் வாடையும் தேங்கிய அந்தக் குழியில், காற்றில் படபடக்கும் தார்ப்பாயின் சத்தத்துக்கு அடியில், மெல்ல இழுத்து மெல்ல விடும் இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சளி கட்டிய நெஞ்சின் சத்தம். கடைசி வாரம் முழுக்க அவள் காது வைத்துக் கேட்ட சத்தம்.

நிரப்பாவிட்டால் உடைந்துபோகும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி மணலைப் போட்டாள்.

உள்ளே இருமல்.

கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு பிடி.

“அம்மா. போதும்மா.”

மணலை வாரி வெளியே போட்டாள். இரண்டு கையாலும். அடி வரை. எலும்பு எதுவும் தட்டுப்படவில்லை.

மேலே ரோலர் கிளம்பியது. தரை அதிர்ந்தது.

ஜாடியை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டாள். நெஞ்சோடு. இறுக்கமாக.

அது வெடித்தது.

வெடிப்பின் வழியே ஒரு சின்னக் கை வெளியே வந்தது. இரண்டு நகங்களில் சிவப்பு. மற்ற மூன்று விரல்களும் அவள் பக்கம் நீண்டு, விரிந்து, காத்திருந்தன.