பத்து பதினாலுக்கு அணைந்த பச்சை விளக்கு

காலை 10:14.

அறுபது கேள்விகளில் நாற்பத்திரண்டாவது திரையில் உறைந்து நின்றது.

கதவை உள்ளே தாழிட்டிருந்தவள் அவளேதான். பரீட்சை விதி அப்படி. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, நாற்காலியை விட்டு எழக் கூடாது, கேமராவிலிருந்து முகம் விலகக் கூடாது. மின்விசிறி நிற்கப் போவதுபோல் ஒரு கணம் தயங்கி, மறுபடி சுழன்றது. முன்னைவிட வேகமாக. அவள் அதைக் கவனிக்கவில்லை. திரையில் மறு இணைப்புக்கு ஐந்து நிமிடம் எண்ணிக்கொண்டிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 10:19க்குப் பரீட்சை தானாக மூடிக்கொண்டது.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அதனால் அண்ணன் வைத்த பெயர் டிகிரி. "டிகிரி, தண்ணி கொண்டா." "டிகிரி, செருப்பை எடுத்து வை." பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வேலை தேடி வெளியூர் போக அனுமதி இல்லை. கடைசியாக அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: வீட்டிலிருந்தே எழுதும் இந்த ஒரு பரீட்சை. தேறினால் வெளியூர் வேலை, போகலாம். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து அண்ணனின் டயர் கடையில் போன் எடுக்க உட்கார வேண்டும்.

10:25. கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று, அதன் வைஃபையிலேயே போனில் புகார் அனுப்பினாள். பதில் 10:38க்கு வந்தது. இன்று மாலை நான்கு மணிக்கு மறுவாய்ப்பு. ஒரே முறை.

அப்படியானால் ரவுட்டர் சாகவில்லை. செத்தது ரவுட்டருக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

நடுவில் இருந்தவை இரண்டு சிறிய வெள்ளைப் பெட்டிகள். பவர்லைன் அடாப்டர். பின்கட்டு அறைக்கு வைஃபை எட்டாது, சுவர் அவ்வளவு தடிமன். சுவருக்குள் ஓடும் கரண்ட் ஒயரிலேயே இன்டர்நெட்டையும் ஏற்றி அனுப்புவதுதான் அந்தப் பெட்டிகளின் வேலை. ஒன்று கூடத்தில் ரவுட்டரோடு, இன்னொன்று அவள் அறை பிளக் பாயிண்டில். இரண்டிலும் வீட்டுப் படம் போட்ட பச்சை விளக்கு எரிந்தால் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று அர்த்தம். இப்போது அந்த விளக்கு இரண்டிலும் அணைந்திருந்தது. கரண்ட் விளக்கு மட்டும் எரிந்தது.

தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அண்ணி. கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் எலக்ட்ரிக்கல் கடை கவுண்டரில் நின்றவள். இரண்டு வாரத்துக்கு முன் டிகிரி போனில் மூன்று படங்களைக் காட்டியபோது ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"இது வைஃபையும் விடும். ஒரு லேப்டாப்புக்கு எதுக்கு? ஒயர் மாட்டிக்க. இது மலிவு, ஆனா உன் ரூம்ல இருக்கிறதே ஒரு பாயிண்ட். அதுல இதை மாட்டிட்டா சார்ஜரை எங்க சொருகுவ, உங்க அண்ணன் தலையிலயா?"

"எக்ஸ்டென்ஷன் போட்டுக்கிறேன்."

"போட்டா சிக்னல் பாதி செத்துரும். இதோ, முகத்துலயே பிளக் ஓட்டை இருக்கு பாரு. இதை வாங்கு."

பெட்டி வந்த அன்று அண்ணி முதலில் மாடிப்படிக்கு அடியில் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்துதான் "இப்ப மாட்டு" என்றாள். மாட்டியதும் பச்சை எரிந்தது. அன்றிலிருந்து ஒரு நாள்கூட அணைந்ததில்லை.

10:40. விசாரணை கூடத்தில் தொடங்கியது. அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரவுட்டரைத் தொட்டீங்களாப்பா?"

"நான் ஏம்மா தொடப்போறேன்? ஒன்பதரைலேருந்து நியூஸ்ல இருக்கேன்."

"நடுவுல டிவி நின்னுச்சா?"

"ஒரு செகண்டு நிக்கல. உன் பெட்டிதான் டுபாக்கூர்."

10:55. அண்ணி காலி வாளியோடு மாடியிலிருந்து இறங்கினாள்.

"பத்தே காலுக்கு எங்க இருந்தீங்க அண்ணி?"

"மாடில. பத்து மணிலேருந்து துணி காயப்போட்டுட்டிருந்தேன். ஏன், போச்சா?"

"போச்சு."

"கரண்ட் ஒரு செகண்டு போயிட்டு வந்துச்சுல்ல, அதுல பெட்டி அவிஞ்சிருக்கும். ஆன்லைன்ல வாங்குற பொருளெல்லாம் அப்படித்தான்." அண்ணி சிரிக்கவில்லை. வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

11:10. சமையலறை. அம்மா எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் போச்சாம்மா?"

"நீ கேக்கவும்தான் ஞாபகம் வருது. மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு, டப்புனு நின்னு மறுபடி ஓடுச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"கண்ணை மூடித் தொறக்கற நேரம். அதைப் போய் யார்கிட்டடி சொல்றது?"

டிகிரி அங்கேயே நின்றாள். கூடத்தில் டிவி நிற்கவில்லை, சமையலறையில் மிக்ஸி நின்றது. அப்போதுதான் அறை மின்விசிறி தயங்கியது நினைவுக்கு வந்தது. லேப்டாப் பேட்டரியில் தப்பித்துக்கொண்டதால் அவளுக்கு உறைக்கவில்லை.

11:30. தன் அறைப் பெட்டியைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினாள். பச்சை எரிந்தது. சமையலறையில் மாட்டினாள். எரியவில்லை. அறையில் மாட்டினாள். எரியவில்லை. மூன்று முறை அலைந்தாள், மூன்று முறையும் அதே பதில். பெட்டிகள் மேல் தப்பில்லை.

1:15. அண்ணன் சாப்பிட வந்தான். காலை எட்டிலிருந்து கடையில் இருந்தவன்.

"என்ன டிகிரி, ஊத்திக்கிச்சா? திங்கட்கிழமை ஒன்பதுக்கெல்லாம் கடைல இருக்கணும்."

"நாலு மணிக்கு இன்னொரு சான்ஸ் இருக்கு."

"அதுவும் ஊத்திக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அவன் பேச்சில் கரண்ட் வரவே இல்லை. அவனுக்கு எதுவும் தெரியாது. வருத்தத்தோடு அவனைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினாள்.

3:20. மாடிப்படிக்கு அடியில் போய் மெயின் பாக்ஸைத் திறந்தாள்.

தெருக் கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது. கூடம் எப்போதும் முதல் ஃபேஸில். சமையலறையும் அவள் அறையும் உள்ள பின்கட்டுக்கு மட்டும் ஒரு கறுப்புத் திருகு. வோல்டேஜ் குறைந்தால் வீட்டில் யார் வேண்டுமானாலும் அதைத் திருப்பி அடுத்த ஃபேஸுக்கு மாற்றிவிடுவார்கள். குழாயைத் திறப்பது மாதிரி, கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

திருகின் முள் இரண்டில் நின்றது.

3:31. துணி துவைக்கும் இடத்தில் அண்ணி தனியாக இருந்தாள்.

"அண்ணி, நீங்கதான்."

"என்னது நான்தான்?"

"கரண்ட் போனது பின்கட்டுல மட்டும், ஒரு செகண்டு. மாடில விளக்கும் இல்ல, ஃபேனும் இல்ல. ஈரத்துணி கையில இருக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா யார்கிட்டயும் சொல்லல. திருகைத் திருப்பினவங்களுக்குத்தான் தெரியும்."

அண்ணி ஒரு சட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"வோல்டேஜுக்காகத் திருப்பியிருந்தா நான் கேட்டப்பவே சொல்லியிருப்பீங்க. அண்ணனா இருந்தா ரவுட்டரைப் பிடுங்கியிருப்பான், அப்பா மெயினை அணைச்சிருப்பார். ரெண்டு பெட்டியும் ஒரே ஃபேஸ்ல இருந்தாத்தான் இந்த வீட்ல பேசிக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். பெட்டி வந்த அன்னிக்கு எனக்கு முன்னாடி போய்த் திருகை ஒண்ணுல வெச்சது நீங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதை இறுக்கி மூடினாள்.

"நான்தான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்" என்றாள். "பச்சை எரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. நீ அது வழியா வெளிய போயிருவ. அப்புறம் இந்த வீட்ல எனக்குன்னு பேச யாரு இருக்கா? உங்க அண்ணனா? காலையில வாளியோட ஏறும்போது கை தானா போச்சு. திருப்பினப்புறம் திரும்ப வைக்கத் தைரியம் வரல."

"எனக்கும் இந்த வீட்ல நீங்க மட்டும்தான் அண்ணி. அதுக்காக என் கழுத்தை அறுப்பீங்களா?"

"அவர்கிட்ட சொல்லப்போறியா?"

சொன்னால் இந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். கூடத்திலிருந்து அண்ணன் கத்தினான். "டிகிரி! கண்டுபிடிச்சிட்டியா, எவன் பண்ணான்?"

"லைன் ஃபால்ட்!" என்று திருப்பிக் கத்தினாள். பிறகு தணிந்த குரலில், "நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. மணி 3:44. போய் ஒண்ணுல வைங்க. யாரும் தொடாம பார்த்துக்கங்க."

4:00. கதவு தாழிடப்பட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே அண்ணி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு மெயின் பாக்ஸுக்கு நேராக உட்கார்ந்தாள். 4:20க்கு அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "பரீட்சை நடக்குது அத்தை" என்றாள் அண்ணி. 4:35க்கு அண்ணன் வந்து, பின்கட்டில் வோல்டேஜ் டல்லடிக்கிறது என்று திருகின் பக்கம் கையை நீட்டினான். அண்ணி எழுந்து மெயின் பாக்ஸின் கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். "அஞ்சு மணிக்கு மேல வாங்க." கல்யாணமான இத்தனை வருடத்தில் அவனை அவள் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை. அவன் முறைத்தான். போனான்.

5:02. அறுபதாவது கேள்வியும் போய்ச் சேர்ந்தது. டிகிரி தாழை நீக்கி வெளியே வந்தாள். அண்ணி மறுபடி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு.

"முடிஞ்சுது அண்ணி. எந்திரிங்க."

"நல்லா எழுதினியா?"

"எழுதிட்டேன்."

அண்ணி எழவில்லை. "எந்திரிச்சா டீ போடணும். இன்னும் முடியலைன்னு சொல்லேன்."

டிகிரி அவளைப் பார்த்தாள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது. கூடத்துப் பக்கம் திரும்பி, "யாரும் இந்தப் பக்கம் வராதீங்க, இன்னும் அரை மணி நேரம் ஆகும்!" என்று கத்திவிட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.