பாஸ்டரம்மாவும் குதிக்கிற மெஷினும்

நான்கு மணிக்குப் போதகர் வீட்டுக்கு வருகிறார் என்ற செய்தி மூன்றேகாலுக்குத்தான் வந்தது. வீடு இரண்டுபட்டது.

அம்மா கூடத்தில் கிடந்த அழுக்குத் துணியையெல்லாம் வாரிச் சுருட்டி வாஷிங் மெஷினுக்குள் திணித்து, சுவிட்சைப் போட்டார். அப்பா அவசரத்தில் சட்டைப் பட்டனை ஒன்று தள்ளிப் போட்டார். அண்ணன் கண்ணாடி முன் நின்று, நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துப் பழகினான்.

பாஸ்டரம்மா மட்டும் ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

அவளுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்துப் பெயர் வேறு. சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போவாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் இது. அவள் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறப்பதற்குள் தட்டிலிருந்து ஏதாவது ஒன்று காணாமல் போகும். அதுவும் அவன் வேலைதான்.

அந்த வீட்டில் பக்தி அவள் ஒருத்தியோடு சரி. அப்பா வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். இருவரும் ஆலயத்துக்குள் போவது கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும், அதுவும் தாமதமாக.

இப்போது அதுதான் வினையாக வந்து நின்றது. அண்ணனுக்கு மின்கருவித் தொழிற்பள்ளியில் சேர ஆசை. அந்தப் பள்ளியைத் திருச்சபை நடத்தியது. போதகரின் கடிதம் இருந்தால்தான் இடம். இவரோ புதிதாக வந்த போதகர். குடும்பத்தைப் பார்த்துப் பேசாமல் கடிதம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"கண்ணு, இங்க வா," என்றார் அப்பா. "ஐயா கேட்டா, நாங்க எல்லாரும் வாராவாரம் சர்ச்சுக்கு வர்றோம், தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்குதுன்னு சொல்லிடு."

"நான் மட்டும்தானேப்பா ஜெபம் பண்றேன்?"

"நீ யாரு? எங்க குடும்பம்தானே? அப்போ அது குடும்ப ஜெபம்தான்."

"நாங்க சொன்னா நம்பமாட்டாரும்மா," என்றார் அம்மா. "ஞாயிறு பள்ளியில அவருக்கு உன்னை மட்டும்தான் தெரியும்."

அண்ணன் வழக்கம்போல் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "இந்த ஒரு தடவை மட்டும், ப்ளீஸ்," என்றான். "இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்." அவன் கண் கலங்கியிருந்தது.

பாஸ்டரம்மா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே," என்று முழங்கால் போட்டாள். "பொய் சொல்லவும் கூடாது, அண்ணனுக்குக் கடிதமும் கிடைக்கணும். ரெண்டும் வேணும். நாலு மணிக்குள்ள."

கண்ணைத் திறந்தபோது மெஷினின் அடிப்பக்கம் தெரிந்தது. ஊரில் எந்த மெஷின் குதித்தாலும் அப்பா கைபட்டால் அடங்கிவிடும். சொந்த வீட்டு மெஷினுக்கு மட்டும் முன்கால் ஒன்று உடைந்து மூன்று மாதமாகிறது. அந்தக் காலுக்கு முட்டுக்கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கறுப்புப் பொருள் ஒன்று இருந்தது. தடிமனாக, ஓரம் பொன்னிறமாக இருந்தது.

அது வீட்டின் பெரிய வேதாகமம். அப்பாவும் அம்மாவும் கல்யாணத்தன்று வாங்கியது.

"அப்பா!"

ஓடி வந்த அப்பா தலையைச் சொறிந்தார். "ஒரு கட்டை கிடைக்கிற வரைக்கும்தான்னு வெச்சேன்... நனையாம உறை போட்டுத்தான் வெச்சிருக்கேன் பாரு."

"பெட்டி நிறைய ரப்பர் கால் வெச்சிருக்கீங்களே!"

"அதெல்லாம் ஊரார் மெஷினுக்கும்மா."

கோபத்தில் அவளுக்கு அழுகையே வந்தது. எல்லாவற்றையும் போதகரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அப்போது அழைப்பு மணி அடித்தது.

போதகர் உயரமாக இருந்தார். அதிகம் சிரிக்கவில்லை. தேநீரை வாங்கி வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"குடும்பமா தவறாம ஆராதனைக்கு வர்றீங்களா?"

அப்பா பாஸ்டரம்மாவைப் பார்த்தார். அம்மா பார்த்தார். அண்ணன் பார்த்தான். பாஸ்டரம்மா தரையைப் பார்த்தாள்.

"அது வந்துங்கய்யா..." என்று அப்பா இழுத்தார். "பிஸ்கட் எடுத்துக்கோங்க."

போதகர் பிஸ்கட் எடுக்கவில்லை. "சரி, முதல்ல பையனோட ஞானஸ்நானத் தேதி வேணும். வீட்டு வேதாகமத்தில முதல் பக்கத்தில எழுதியிருப்பீங்களே. கொண்டு வாங்க."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் எடுத்துட்டு வரேன்," என்று அண்ணன் பதறிக்கொண்டு உள்ளே ஓடினான்.

'மெஷினை நிறுத்துடா' என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் உருவிவிட்டான்.

டமார்! டம்! டம்! டம்! துணியைப் பிழிய ஆரம்பித்திருந்த மெஷின் குதித்தது. குளியலறைக் கதவை முட்டித் திறந்து, வாசல் வரை நடந்து வந்து எட்டிப் பார்த்தது. அம்மா பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

அண்ணன் ஈரக் கையோடு வேதாகமத்தைப் பிடித்தபடி நின்றான். அட்டையில் மெஷின் காலின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. போதகர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எங்கே இருந்தது?" என்றவர் பாஸ்டரம்மா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

பொய் சொன்னால் ஆண்டவருக்குத் துரோகம், மெய் சொன்னால் அண்ணனுக்கு. அவள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். அப்பாவின் தவறான பட்டன் கண்ணில் பட்டது. கோபம் எங்கோ போய்விட்டது.

"மெஷினுக்கு அடியில இருந்துச்சுங்கய்யா," என்றாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இவங்க யாரும் சர்ச்சுக்கு வர்றதில்லைங்கய்யா. ஜெபமும் நான் மட்டும்தான். ஆனா..." அவள் நிமிர்ந்தாள். "அப்பாவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்னிக்கும் ஆறு மணிக்கு எழுந்து என்னை பைக்ல கூட்டிட்டு வருவார். முடியற வரைக்கும் ரெண்டு மணி நேரம் வெளியவே உட்கார்ந்திருப்பார். அம்மா நைட் டியூட்டி முடிஞ்சு வந்ததும் என் கவுனை இஸ்திரி போட்டுட்டுத்தான் தூங்குவாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, அண்ணன் ஞாயிறு பள்ளிக்குப் போய் என் மனப்பாட வசனத்தை எழுதிட்டு வந்தான். எனக்கு வர்ற வரைக்கும் ஏழு தடவை படிச்சுக் காட்டினான்."

"எட்டு தடவை," என்றான் அண்ணன் மெதுவாக.

"இவங்க வர்றதில்லைங்கய்யா. ஆனா இவங்க இல்லாம நான் ஒரு வாரம்கூட வந்திருக்க முடியாது."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேட் பக்கத்தில பைக் மேல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர் நீங்கதானா? நான் யாரோ முகவரி தெரியாம நிக்கிறார்னு நினைச்சேன். மூணு மாசமாவா?"

"மூணு வருஷமாங்கய்யா," என்றார் அப்பா.

போதகர் முதல் பக்கத்தைத் திறந்து தேதியைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். "நான் பார்த்ததையும் கேட்டதையும்தான் எழுதுவேன்," என்றார்.

அவர் நீட்டிய தாளை அண்ணன் வாங்கினான். உரக்கப் படித்தான்: "மகள் தவறாமல் ஆராதனைக்கு வருகிறாள். தந்தை வாசல்வரை வருகிறார். தாயும் அண்ணனும் அவளைத் தயார் செய்து அனுப்புகிறார்கள். இந்த மாணவனை ஏற்றுக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன்."

கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. "மெஷினை நிறுத்திவிட்டுக் கைவைக்க, முதலில் கற்றுக்கொடுக்கவும்."

அதன் பிறகுதான் போதகர் பிஸ்கட் எடுத்தார். அவர் போனதும் அப்பா பெட்டியைத் திறந்து மெஷினுக்குப் புது ரப்பர் கால் போட்டார். வேலை முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆலயத்தில் முதல் பாட்டு முடிந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாஸ்டரம்மா திரும்பினாள். கடைசி பெஞ்சின் ஓரத்தில், மடித்த செய்தித்தாளோடு அப்பா உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"வெளிய வெயில் தாங்கலை," என்று வாயசைத்தார்.

அன்று காலையிலிருந்தே வானம் முழுக்க மேகம். யார் பொய் சொன்னாலும் விடாத பாஸ்டரம்மா, அந்த ஒன்றை மட்டும் கண்டுகொள்ளாமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.